முள் குத்தின கதை

எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வலது கண் போய்விட்டது. எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் 29 வயதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். சீமைக்கருவேல முள் குத்திவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பதிலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அருப்புக்கோட்டையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கண்மாய்க்கரை, தரிசு, ரோட்டோரம் என்று கருவேல மரம்தான். விறகும் அதுதான், வேலியும் அதுதான், மூட்டம் போட்டால் கரியும் அதுதான். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுகிற முள் கண்ணில் ஏறாதா? அம்மா சொன்ன கதையில் என் அண்ணனும் உண்டு. அவனுக்கு அப்போது 6 வயது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினான், வேலியோரம் இடறி விழுந்தான், முள் என் கண்ணில் இறங்கிவிட்டது. "அவனும் பச்சப்பிள்ளதான, தெரிஞ்சா செஞ்சான்" என்று சொல்லித்தான் அம்மா கதையை முடிப்பாள்.

அண்ணனை இதற்காக வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் வருஷா வருஷம் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் முளைத்திருக்கும் கருவேலங்கன்று அத்தனையையும் வெட்டிப் போடுவான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் முதல் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, எனக்கு அளவெடுத்துச் செய்த செயற்கைக் கண் வாங்கிக் கொடுத்தான். அதுவரை நான் போட்டிருந்தது ஏற்கெனவே செய்து வைத்திருப்பவற்றில் ஓரளவு பொருந்திய ஒன்று. நிறம் ஒட்டாது. எங்கேயோ வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். புதுக் கண்ணைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

படித்தேன், பி.எட். முடித்தேன், கணக்கு டீச்சர் ஆனேன். 2013-ல் மாமா மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா வீட்டில் கேட்க மாட்டார்கள்.

2015 மார்ச்சில் மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது என் வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சை அடித்தார். குழந்தையின் வலது கண்மணி வெள்ளையாகப் பளிச்சென்று மின்னி மறைந்தது. ராத்திரியில் பூனை குறுக்கே ஓடும்போது வெளிச்சம் பட்டால் மின்னுமே, அப்படி. மறுநாள் பகலில் பார்த்தால் ஒன்றுமில்லை, கறுகறுவென்று அழகான கண். பக்கத்து வீட்டு ஆச்சி, "பூனக்கண்ணுத்தா, அதிர்ஷ்டம்" என்றார். கண் கொஞ்சம் உள்பக்கம் சாய்வதுபோலத் தெரிந்ததும் உள்ளூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாறுகண்ணு மாதிரி இருக்கு, ஒரு வயசுக்குள்ள தானா நேராயிடும்" என்று அனுப்பிவிட்டார். கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து போடவில்லை. சொட்டு மருந்து போட்டுப் பார்க்காமல் குழந்தையின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று எனக்கு இது தெரியும். அன்று "டாக்டரே சொல்லிட்டாரு" என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது.

டிசம்பரில் ஒரு கல்யாண வீட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் எல்லாக் குழந்தைகளுக்கும் கண் சிவப்பாக விழுந்திருந்தது. எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை. போட்டோவில் கண் வெள்ளையாக விழுந்தால் எல்லாமே கட்டி என்று அர்த்தமில்லை. கண்புரையாக இருக்கலாம், கேமரா பார்த்த கோணமாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டு, அரை மணி நேரம் கழித்துத் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்து நிமிர்ந்தவர் கொஞ்ச நேரம் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"உங்க வலது கண்ணு ஆர்ட்டிஃபிஷியலா?"

"ஆமா மேடம்."

"என்ன ஆச்சு?"

"முள்ளு குத்திருச்சு."

"எத்தன வயசுல? எந்த ஆஸ்பத்திரி? முள்ளு குத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்ல சொல்லிக் கேட்டதா?"

சொல்லிக் கேட்டதுதான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கும் சொட்டு மருந்து போடச் சொன்னார். எனக்கு இருக்கிற ஒரே கண்ணையும் கலங்கலாக்கி உட்கார வைத்தபோது பயமாக இருந்தது. என் இடது கண்ணின் ஓரத்தில், பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில், சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு மேடும் நடுவில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. பேப்பரில் படம் வரைந்து காட்டினார். வளரத் தொடங்கி, தானாகவே நின்றுபோன கட்டி. ரெட்டினோமா என்று அதற்குப் பெயர். 29 வருஷமாக அது என் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்படி அடங்கிக் கிடப்பது அபூர்வமாக மறுபடி வளரவும் கூடும் என்பதால் வருஷம் ஒருமுறை அதைக் காட்டி வருகிறேன்.

"உங்களுக்கு இது ரெண்டு கண்ணுலயும் வந்திருக்கும்மா. ஒண்ணு வளந்திருச்சு, அத எடுத்திருக்காங்க. இன்னொண்ணு நின்னுருச்சு. இதே நோய்தான் உங்க குழந்தைக்கும்."

ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பிறக்கும் குழந்தைகளில் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவருக்கு வரும். ஐந்து வயது தாண்டியபின் வருவது அபூர்வம். மகளுக்கு வலது கண்ணை எடுத்தே ஆக வேண்டும். இடது கண்ணிலும் சின்னதாக இரண்டு இருக்கின்றன. அதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

அம்மா வராண்டாவில் குழந்தையின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன். "எனக்கு முள்ளு குத்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு சொன்னாள். 1988-ல் இதே மதுரைக்குத்தான் என்னைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணுக்குள் கட்டி, கண்ணை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தார்கள். திரும்பத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா இரண்டு தடவை கூட்டிப்போனார், அப்புறம் பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது என்று விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எனக்கு ஜாதகம் எடுக்கிற வயது வந்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

"புத்துநோய்னு சொன்னா உன்ன எவன்டி கட்டுவான்? முள்ளுன்னா விபத்து. பாவம்னு சொல்லுவாக. நோயின்னா பயப்படுவாகல்ல."

அம்மாமேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபம் இப்போது இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் சொன்ன கணக்கும் பொய்யில்லை. விபத்துக்கு இரக்கம் கிடைக்கும், நோய்க்குப் பயம்தான் கிடைக்கும். எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றவள் அதைத் தெரிந்துதான் பேசியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். இந்த நோய் பிள்ளைக்கும் இறங்கும் என்று அவளுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது தெரிந்திருந்தால், மகள் பிறந்த முதல் வாரத்திலேயே கண்ணைக் காட்டியிருப்பேன். ஒன்பது மாதம் போயிருக்காது. அந்த வலது கண் ஒருவேளை நின்றிருக்கும்.

அன்று ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். முள் கதை பொய் என்று சொன்னேன். எதிர்முனையில் தறி ஓடுகிறதுபோல ஒரே மிஷின் சத்தம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, கம்பெனியை விட்டு வெளியே நடந்திருக்கிறான். "நான் கீழ போடலயா பாப்பா?" என்றான். இல்லண்ணே என்றேன். 33 வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ரோட்டில் நின்று அழுதான். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, விழுந்தது, என் முகமெல்லாம் ரத்தம், எல்லாமே அவனுக்கு ஞாபகம் இருக்கிறதாம். நடக்காத ஒன்று. கேட்டுக் கேட்டு அவன் மனதில் தானாகவே படமாக ஏறியிருக்கிறது. எங்கள் வீட்டில் என் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்க்கு, ஆறு வயதிலிருந்து அவன்தான் விலை கொடுத்திருக்கிறான். மகளின் கண்ணுக்கு அடுத்தபடியாக எனக்கு ஆறாத விஷயம் இது.

மகளின் வலது கண்ணை அந்த வாரமே எடுத்தார்கள். வேறு கட்டி என்றால் ஊசி போட்டுக் கொஞ்சம் சதையெடுத்துச் சோதிப்பார்கள். இதில் அப்படிக் குத்தக்கூடாது, குத்தினால் கண்ணுக்குள் இருப்பது வெளியே பரவ வழியாகிவிடும். எடுத்த கண்ணைத்தான் சோதிப்பார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளமாகச் சேர்த்து வெட்டி, வெட்டின முனையில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "நரம்பு முனை சுத்தம்" என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இடது கண்ணுக்காக ஆறு சுற்று கீமோ. வின்கிறிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு சுற்று. 11-ஆம் மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக இருந்தது. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும், சின்னக் காயம்கூடச் சீழ் வைத்துவிடும், காது குத்தக்கூடாது என்றார்கள். மாமியார், எனக்கு அவர் அத்தையும்தான், தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து உண்டியல் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். "சாமி எடுத்துக்கிட்டது, எப்படி எடுத்தா என்ன" என்றார்.

கீமோ கட்டியைச் சுருக்கும், சுருங்கினதை லேசர் வைத்துப் பொசுக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுத்துத்தான் உள்ளே பார்க்க முடியும். மதுரை எங்களுக்கு 50 கிலோமீட்டர். விடிகாலை பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய் இறங்குவோம். நாலு மணி நேரத்துக்கு முன்பே பாலை நிறுத்திவிட வேண்டும். பசியில் அவள் என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழுவாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கார்போபிளாட்டின் காதைப் பாதிக்கும் என்பதால் இடையிடையே காதுப் பரிசோதனையும் உண்டு. ஒரு கண் போன பிள்ளைக்குக் காதும் போய்விட்டால் என்ன செய்வது என்று அந்த அறைக்கு வெளியே மட்டும் நான் வேண்டாத தெய்வமில்லை. காது தப்பியது. இடது கண்ணும் தப்பியது.

வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்கள் காரணமும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். கிரகணத்தில் வெளியே போனாயா, மாசமாக இருக்கும்போது மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாயா என்றெல்லாம். எல்லோரும் சொன்ன ஒன்று, "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்." அது என்னைக் குத்தியது. அவரைக் கட்டியதால் பிள்ளைக்கு வந்ததோ என்று நானும் நினைத்தேன். மரபணு ஆலோசனை சொல்கிற மேடத்திடம் கேட்டேன். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் உண்டு, அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அந்த நோய்கள் வெளிப்படும், இது அந்த ரகம் இல்லை என்றார். இதற்கு ஒருவரிடமிருந்து வந்தால் போதும். நான் அமெரிக்காவில் யாரையாவது கட்டியிருந்தாலும் இதேதான்.

ஆர்பி1 என்று ஒரு மரபணு. 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. செல் அளவில்லாமல் பெருகிவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. நான் என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது கிணற்றுக் கயிறு. இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிற்றில் ஒரு புரி அறுந்தாலும் வாளி விழாது, இன்னொன்று தாங்கும். எல்லோருக்கும் ஒவ்வொரு செல்லிலும் அம்மா கொடுத்த புரி ஒன்று, அப்பா கொடுத்த புரி ஒன்று. எனக்கும் என் மகளுக்கும் பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் ஒரு புரி அறுந்திருக்கிறது. வளரும் விழித்திரையில் லட்சக்கணக்கான செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும்போது, எங்காவது ஒன்றில் மிச்சமிருக்கும் புரியும் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எங்களைப்போன்றவர்களுக்கு இரண்டு கண்ணிலும், பல இடத்தில், சின்ன வயதிலேயே வருகிறது. மற்றக் குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு புரியும் தற்செயலாக அறுந்தால்தான் உண்டு. ஆகவே அவர்களுக்கு ஒரு கண்ணில் ஒரு கட்டி, கொஞ்சம் தாமதமாக. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குப் பிறவியிலேயே பழுது இருக்கும். ஒரு கண்தானே என்று பரிசோதனையை விட்டுவிடக்கூடாது.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கணக்கு டீச்சராக நான் சொல்லாமல் இருக்க முடியாது. ஆல்ஃப்ரெட் நட்சன் என்ற அமெரிக்க டாக்டர், 1971-ல், ஹூஸ்டனில். மரபணுவை யாரும் பார்த்திராத காலம். அவர் கையில் இருந்தது 48 குழந்தைகளின் ஆஸ்பத்திரிக் குறிப்புகள். எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், ஒரு கண்ணா இரண்டு கண்ணா. அதை வைத்து கிராஃப் போட்டார். ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் வெளிப்படாமல் பாக்கி இருப்பவர் எத்தனை பங்கு என்பதை மடக்கை, அதாவது லாக்ரிதம், அளவில் குறித்தால், இரண்டு கண்ணிலும் வந்த பிள்ளைகளின் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. ஒரு கண்ணில் வந்தவர்களுடையது வளைந்தது. நேர்கோடு என்றால் நடக்க வேண்டிய தற்செயல் ஒன்று, வளைந்தால் இரண்டு. இவ்வளவுதான். அதிலிருந்து, இரண்டு அடி விழுந்தால்தான் கட்டி, சிலருக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். 1986-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. புற்றைத் தடுக்கும் மரபணு வகையில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது இதுதான். நான் பிறந்த வருஷமும் அது. லாக்ரிதம் எதற்கு டீச்சர் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இந்த கிராஃபைத்தான் வரைந்து காட்டுகிறேன்.

என் ரத்தத்திலும் மகள் ரத்தத்திலும் ஒரே இடத்தில் ஒரே பழுது. அம்மாவுக்கு இல்லை. அப்பா இறந்துவிட்டதால் பார்க்க முடியாது. பெரும்பாலும் என்னிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள், அதுதான் அதிகம் நடப்பதாம். ஆனாலும் பெற்றவர்களில் ஒருவருக்கு உடம்பின் சில செல்களில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம், ஆகவே கூடப் பிறந்தவரையும் பார்த்துவிடுங்கள் என்றார்கள். அண்ணன் திருப்பூரிலிருந்து வந்து ரத்தம் கொடுத்தான். அவனுக்கு இல்லை. அவன் பிள்ளைகளுக்கு இனி எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறான்.

2019-ல் நான் மறுபடி உண்டானேன். திட்டமிட்டது இல்லை. "மூத்ததுக்கு வந்திருச்சில்ல, ரெண்டாவதுக்கு வராது" என்று ஆறுதல் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் நிகழ்தகவு நடத்துகிறவள் நான். முதல் தடவை பூ விழுந்தால் அடுத்த தடவை தலைதான் விழும் என்று நாணயத்துக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. பழுது இறங்கிவிட்டால், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வரும். எத்தனையோ தடவை கரும்பலகையில் அரை என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பது மாதமும் அந்த எண்ணை எழுதும்போது சாக்பீஸ் பிடித்த கை நிற்காது.

வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கலைப்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு எங்கள் இருவருக்கும் இடையில் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. என் வீட்டுக்காரர், "உனக்கும் இருந்துச்சு. நீ இல்லாம இருந்திருந்தா நல்லாருக்கும்னு நான் ஒரு நாளும் நினைக்கல" என்றார். வேறு முடிவு எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. நாங்கள் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம்.

மகன் பிறந்தான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நாலாம் நாளே கண்ணைப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. மூன்றாம் வாரம் ரிசல்ட் வந்தது. அவனுக்கும் இறங்கியிருந்தது.

அன்று நான் அழவில்லை. அழ நேரமில்லை, எதற்குப் போக வேண்டும் எப்போது போக வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்தாம் வாரம் இடது கண்ணில் கடுகு அளவில் ஒன்று. அன்றே லேசர். அடுத்த எட்டு மாதத்தில் வலது கண்ணில் ஓரத்தில் இரண்டு. அதற்கும் லேசர். கீமோ இல்லை, ஆபரேஷன் இல்லை. அவனுக்கு இப்போது ஆறு வயது. இரண்டு கண்ணாலும் பார்க்கிறான், கண்ணாடிகூட இல்லை. ஒரே அம்மா, ஒரே பழுது. மகளுக்கு ஒரு கண் இல்லை, மகனுக்கு இரண்டும் இருக்கிறது. ஒருத்திக்கு ஒன்பதாம் மாதத்தில் தெரிந்தது, ஒருவனுக்கு ஐந்தாம் வாரத்தில். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இந்தியாவில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் முன்கதை எதுவும் கிடையாது, எங்கள் வீட்டில் இருந்தது. உங்கள் வீட்டில் சின்ன வயதில் கண்ணை எடுத்த பெரியப்பாவோ சித்தியோ இருந்தால், ஏன் எடுத்தார்கள் என்று கேளுங்கள். அம்மை, முள், பட்டாசு என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். கூட யார் இருந்தார்கள், எத்தனை வயதில், எந்த ஆஸ்பத்திரி என்று.

கண்ணோடு இது முடிவதில்லை. அறுந்த புரி உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பதால் வளர்ந்த பிறகு எலும்பில், தசையில், தோலில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். முன்பெல்லாம் இந்தக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள், அதிலும் ஒரு வயதுக்குள் கொடுத்தால் கதிர் பட்ட இடத்தில் பிற்காலத்தில் புற்று வருவது கூடிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. 1988-ல் எனக்கு அது கொடுக்கவில்லை. இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் ஒரு மஞ்சள் ஃபைலை முதலில் நீட்டுகிறேன். அவசியமில்லாமல் கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேன் வேண்டாம், முடிந்தால் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளை விளையாடிவிட்டுக் கால் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துப் பார்ப்பேன், இரண்டு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரிடம் போய்விடுவேன். ஒவ்வொரு கால் வலிக்கும் பயந்தால் பிள்ளைகள் விளையாடவே முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மகளுக்கு இப்போது பத்து வயது முடிந்துவிட்டது. முன் பெஞ்சில் உட்காருகிறாள். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் முகத்தில் இருக்க வேண்டும், மிச்சமிருப்பது ஒரு கண் என்பதால். செயற்கைக் கண்ணை வைக்கவும் எடுக்கவும் எட்டு வயதிலேயே பழகிக்கொண்டாள். கழுவுகிற நாளில் இருவரும் வாஷ்பேசின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். பள்ளியில் யாராவது கேட்டால் நோயின் பெயரை முழுசாகச் சொல்கிறாள். "அது எப்படி வரும்?" என்று கேட்டால் கயிறு கதையையும் சொல்கிறாளாம். அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன ஆகும் என்று அம்மா இன்னும் கவலைப்படுகிறாள். அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபைல் அடுப்புக்குப் போகாது.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். காணும் பொங்கல் அன்று சாயங்காலம் பார்த்தால் வழக்கம்போல அரிவாளோடு பின்பக்கம் நிற்கிறான். மழைக்கு முளைத்த கன்றுகள் முழங்கால் உயரம் இருந்தன. மகள் அவன் பின்னாலேயே போனாள்.

"மாமா, எப்ப வந்தாலும் இதயே வெட்டுறீங்களே, ஏன்?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "நீயே சொல்லுண்ணே" என்றேன். அவன் அரிவாளை வேப்பமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"அப்ப எனக்கு ஆறு வயசு. உங்கம்மாவுக்கு ரெண்டு..."